சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணியும் நுரையில் மிதக்கும் கல்லும்: கனிமத்தைப் பிரிக்கும் ரசாயன வித்தை

கோவையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது: “நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?” சிறுவாணித் தண்ணீர் வரும் வீடென்றால் சோப்பு லேசாகத் தேய்த்தாலே நுரைத்துவிடும். போர் தண்ணீர் என்றால் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. கூடவே பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வரும்.

அந்தப் படலம் வெறும் அழுக்கு இல்லை. சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலமும், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் கைகோத்து உண்டான ‘கால்சியம் சோப்பு’ அது. தண்ணீரில் கரையாது, தண்ணீரை ஒட்டவும் விடாது.

குளியலறையில் நமக்குத் தொல்லையாக இருக்கும் இதே வேதியியலை வைத்துத்தான், மாவாக அரைத்த பாறையிலிருந்து வேண்டிய கனிமத்தைத் தனியே பிரிக்கிறார்கள். பிளஸ் டூ வேதியியலில் ‘உலோகவியல்’ பாடத்தில் படித்த ‘நுரை மிதப்பு முறை’ நினைவிருக்கிறதா? அதேதான். இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்த அந்த முறைதான், இன்று செம்பு, துத்தநாகம் தொடங்கி மின்வாகன பேட்டரிக்கான கிராஃபைட் வரை உலகின் பெரும்பகுதி கனிமத் தொழிலைத் தாங்கி நிற்கிறது. கொங்கு மண்ணுக்கும் இதற்கும் பழைய தொடர்பு உண்டு.

கனமான கல் எப்படி மிதக்கும்?

மோர் கடையும்போது வெண்ணெய் மேலே வருவது, அது தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால். ஆனால் கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. அது தானாக மிதக்காது. அதைத் தூக்கிச் செல்ல ஒரு வாகனம் வேண்டும். அந்த வாகனம் காற்றுக் குமிழி.

முதலில் பாறையை உடைத்து, தண்ணீரோடு சேர்த்து மாவு போல அரைக்கிறார்கள். கல்லுக்குள் பின்னிக் கிடக்கும் வெவ்வேறு கனிமங்கள் அப்போதுதான் தனித்தனித் துகள்களாக விடுபடும். அந்தக் குழம்பைத் தொட்டியில் விட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்திக் கலக்கினால் லட்சக்கணக்கான குமிழிகள் மேலே கிளம்பும்.

இங்கேதான் சூட்சுமம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதது போல, சில துகள்களின் மேற்பரப்பு தண்ணீரை விரும்பாது. அப்படிப்பட்ட துகள் குமிழியைக் கண்டால் அதில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை விரும்பும் துகள், குமிழியைத் தொட்டாலும் ஒட்டாமல் விலகிவிடும். ஒட்டியது நுரையோடு மேலே வரும். ஒட்டாதது கீழேயே தங்கும். மேலே வரும் நுரையை வழித்தெடுத்தால் கனிமம் கையில்.

ஆக, எது மிதக்கும் என்பதைத் தீர்மானிப்பது துகளின் எடை இல்லை, அதன் தோல். அந்தத் தோலை நமக்கு வேண்டியபடி மாற்றத்தான் ரசாயனங்கள்.

மாவட்ட கலெக்டர் இல்லை, இது வேற கலெக்டர்

ஆலைகளில் சேர்க்கும் ரசாயனங்களை வேலையை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

*கலெக்டர் (சேகரிப்பான்):* இதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை குறிப்பிட்ட கனிமத்தைப் பிடிக்கும். மறுமுனை எண்ணெய் போன்றது, தண்ணீரைத் தள்ளும். வேண்டிய துகளின் மேல் இது போர்வை மாதிரி படிந்துவிட்டால், துகள் குமிழியில் ஒட்டத் தயார். செம்பு, ஈயம் போன்றவற்றின் சல்ஃபைடு தாதுக்களுக்கு சாந்தேட் என்ற கந்தகச் சேர்மம். சுண்ணாம்புக்கல் மாதிரி கால்சியக் கனிமங்களுக்கு ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள், அதாவது கிட்டத்தட்ட சோப்பு.

*ஃப்ரோத்தர் (நுரையாக்கி):* குமிழிகள் சிறிதாகவும், மேலே வந்தவுடன் உடையாமலும் இருக்க இது உதவும். பைன் எண்ணெய் பழைய ஆள். யூகலிப்டஸ் எண்ணெயும், அதாவது நம் நீலகிரித் தைலமும், இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. இன்று பல ஆலைகளில் செயற்கை ஆல்கஹால் வகைகள்.

*அடக்கிகள்:* வேண்டாத கனிமம் மேலே வராமல் பிடித்து வைப்பவை. மணல் வகைக் கனிமங்களை அடக்க சோடியம் சிலிகேட். இரும்புத் தாதுவை அடக்க ஸ்டார்ச்.

*சீராக்கிகள்:* குழம்பின் அமில, காரத் தன்மையைச் சரிசெய்ய சுண்ணாம்பு, சோடா உப்பு போன்றவை. காரத்தன்மை கொஞ்சம் மாறினால்கூட கலெக்டர் ஆளை மாற்றிப் பிடித்துவிடும்.

இவ்வளவும் எவ்வளவு தேவைப்படும்? ஒரு டன் கல்லுக்குச் சில பத்து கிராமிலிருந்து சில நூறு கிராம் வரை. கொழுப்பு அமிலம் என்றால் சில சமயம் ஒரு கிலோவைத் தொடும். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவது மாதிரிதான். குறைந்தால் வேலைக்கு ஆகாது, கூடினால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

மதுக்கரையில் மிதந்த சுண்ணாம்புக்கல்

கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில் வருவது மதுக்கரை. 1934-ல் இங்கே சிமென்ட் ஆலை வந்தது. 1936-ல் நாட்டின் பல சிமென்ட் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏ.சி.சி. உருவானபோது அதன் அங்கமானது. ஆலை இங்கே வரக் காரணம், வாளையார் கணவாய்ப் பக்கம் பாறைகளுக்கிடையே பட்டை பட்டையாக ஓடும் சுண்ணாம்புக்கல்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சிக்கல். பூமிக்குள் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பளிங்கு போலப் படிகமாக மாறிய கல் இது. கூடவே குவார்ட்ஸ் உள்ளிட்ட சிலிகேட் கனிமங்களும் பின்னிக் கிடக்கும். சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 56 சதவீதம் கால்சியம் ஆக்சைடு இருக்கும். சிமென்ட்டுக்குப் பொதுவாக 42 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே போனால் கல் வீண். ஒன்று குப்பைமேட்டில் கொட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியூரிலிருந்து நல்ல கல்லை வாங்கிக் கலக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் நுரை. இந்தியாவில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை நுரை மிதப்பு முறையில் தரம் உயர்த்திய ஆலைகளைப் பேசும்போது முதலில் வரும் பெயர் மதுக்கரை. கொழுப்பு அமிலம் கால்சியத்தைப் பிடித்து, துகளின் மேல் உங்கள் பக்கெட்டில் படியும் அதே கால்சியம் சோப்பைப் பூசிவிடும். சுண்ணாம்புத் துகள் குமிழியேறி மேலே வரும். மணல் துகள் கீழே நிற்கும்.

‘சிமென்ட் விலை மலிவான பொருள், அதற்கு இவ்வளவு மெனக்கெடலா?’ என்று தோன்றலாம். அந்தக் கால ஆலைகள் பலவற்றில் மூலப்பொருளைத் தண்ணீரோடு அரைத்துக் குழம்பாகவே சூளைக்கு அனுப்பும் ‘ஈர முறை’ இருந்தது. எப்படியும் குழம்புதான் என்பதால், நடுவில் நுரைத் தொட்டி வைப்பது பெரிய செலவாகத் தெரியவில்லை. பின்னாளில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆலைகள் ‘உலர் முறை’க்கு மாறின. அதன் பிறகு, நுரையில் பிரித்த ஈரமான கல்லைத் திரும்பக் காயவைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுதான் சிமென்ட் துறையில் இந்த முறை பரவாமல் போனதற்கு முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆலை பயன்படுத்தும் தண்ணீரே உப்புத் தண்ணீராக இருந்தால், கல்லைப் பிடிக்கப் போட்ட சோப்பைத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமே தின்றுவிடும். நம் வீட்டில் நுரை வராதது போலத்தான். அதனால் முதலில் சோடா உப்பு போட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நுண்துகள் ஏன் தலைவலி?

நன்றாக அரைத்தால் நன்றாகப் பிரியும் என்றால், இன்னும் நைஸாக அரைத்துவிடலாமே? அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நுரை மிதப்புக்குத் தோதான அளவு, ஏறத்தாழ 10 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரானுக்குக் கீழே போகும் துகள்களை ஆலைக்காரர்கள் ‘ஸ்லைம்’ என்பார்கள். அதாவது சேறு.

அவிநாசி ரோட்டில் வேகமாகப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே கூழாங்கல் பறந்து வந்தால் கண்ணாடியில் ‘டப்’பென்று அடிக்கும். மெல்லிய தூசி வந்தால்? பஸ் விலக்கும் காற்றோடு சேர்ந்து வளைந்து, பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். குமிழிதான் இங்கே பஸ். நுண்துகளுக்குக் குமிழியில் மோதும் அளவுக்கு எடை கிடையாது. மோதாவிட்டால் ஒட்டுவது எப்படி?

அடுத்த பிரச்சினை, ரசாயனச் செலவு. 100 மைக்ரான் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை 10 மைக்ரான் துண்டுகளாக உடைத்தால் 1,000 துண்டுகள் கிடைக்கும். எடை அதேதான். ஆனால் மொத்த மேற்பரப்பு 10 மடங்காகிவிடும். போர்வை போர்த்த அத்தனை மடங்கு கலெக்டர் வேண்டும்.

மூன்றாவது, களிமண் போன்ற நுண்துகள்கள் நல்ல கனிமத்தின் மேல் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். கலெக்டர் உள்ளே நெருங்கவே முடியாது. நான்காவது, நுரையில் இருக்கும் தண்ணீரோடு சேர்ந்து வேண்டாத நுண்துகளும் ‘ஓசிப் பயணம்’ செய்து மேலே வந்துவிடும்.

இதனால்தான் பல ஆலைகள் நுண்துகளை முதலிலேயே கழித்துக் கொட்டிவிடுகின்றன. அதோடு நல்ல கனிமமும் போகிறது.

தேற்றாங்கொட்டை காட்டும் வழி

இதைச் சமாளிக்கவும் ரசாயனங்களே கைகொடுக்கின்றன.

முதல் வேலை, அப்பிக் கிடக்கும் துகள்களைப் பிரிப்பது. கோவை ஃபவுண்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு சோடியம் சிலிகேட் தெரிந்திருக்கும். மணலில் கலந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் அச்சு கெட்டிப்படும். அங்கே மணலை ஒட்டவைக்கும் அதே சிலிகேட், தண்ணீரில் கொஞ்சமாகச் சேர்க்கும்போது நேர்மாறான வேலை செய்கிறது. துகள்களின் மேல் எதிர்மின்னூட்டத்தை ஏற்றி, ஒன்றையொன்று விலக்கித் தள்ளவைக்கிறது. அப்பியிருந்த களிமண் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, வேண்டிய துகள்களை மட்டும் கூட்டுச் சேர்ப்பது. கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. கொட்டையில் உள்ள நீண்ட மூலக்கூறுகள் மண் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி, கீழே படியவைக்கின்றன. தேற்றாங்கொட்டை எல்லாச் சேற்றையும் பிடிக்கும். கனிமத் தொழிலுக்கு வேண்டியது, ஒரு வகைத் துகளை மட்டும் தேர்ந்து பிடிக்கும் பாலிமர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள டில்டன் இரும்புச் சுரங்கம் 1970-களிலிருந்து இதைச் செய்துகாட்டியது. அங்கே இரும்புத் தாதுவை மிக நைஸாக அரைத்தால்தான் பிரியும். சோள ஸ்டார்ச் இரும்புத் துகளை மட்டும் சேர்த்துக் கட்டியாக்கும். மற்ற நுண்துகள்களைச் சேறாக வடித்துவிடலாம். மரவள்ளி ஸ்டார்ச்சையும் இரும்புத் தாது அடக்கியாக ஆய்வாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் இதைக் கவனிக்கலாம்.

மூன்றாவது, துகளைப் பெரிதாக்குவதற்குப் பதில் குமிழியைச் சிறிதாக்குவது. உயரமான குழாய் போன்ற ‘காலம் ஃப்ளோட்டேஷன்’ கலன்களில் சிறு குமிழிகள் மெதுவாக மேலேறும். மேலிருந்து தண்ணீரைத் தூவி நுரையைக் கழுவுவார்கள். ஓசியில் ஏறிவந்த துகள்கள் கீழே இறங்கிவிடும். 1960-களில் கனடாவில் உருவான இந்த முறையில், சென்னை தரமணியில் இயங்கும் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் மையம் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறது.

சேலமும் கரூரும்

சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக் குன்றுகளில் கிடைப்பது மேக்னசைட். எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு வேண்டியது. இதிலும் சிலிகாதான் எதிரி. கொழுப்பு அமிலம் மேக்னசைட்டையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கூடவே சுண்ணாம்புக் கனிமமும் இருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிவரும். இரண்டும் வேதியியலில் பங்காளிகள் என்பதால் பிரிப்பது சிரமம்.

கரூர் காகிதபுரத்தில் கதையே தலைகீழ். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமான டி.என்.பி.எல்.-லில், பழைய காகிதத்திலிருந்து மையை நீக்கி நாளுக்கு 300 டன் கூழ் தயாரிக்கும் வசதி உண்டு. பழைய காகிதத்தில் மை நீக்க உலகெங்கும் பயன்படுவதும் இதே நுரை மிதப்புதான். இங்கே நுரையில் மிதப்பது மைத் துகள், கீழே தங்குவது காகித நார். கொழுப்பு அமில சோப்பைப் பயன்படுத்தும் பரவலான முறையில், தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். அப்போதுதான் கால்சியம் சோப்பு உண்டாகி மையைப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல் ஆலைக்குத் தலைவலியாக இருக்கும் உப்புத் தண்ணீர், மை நீக்கும் ஆலைக்குத் துணை.

பேட்டரிக்காக மறுபடி பேசப்படும் சிவகங்கை

நுரை மிதப்பின் முதல் காப்புரிமைகளில் ஒன்று, 1877-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெஸ்ஸல் சகோதரர்கள் வாங்கியது. அவர்கள் பிரித்த கனிமம் கிராஃபைட். பென்சில் முனையைத் தொட்டுப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வழுக்கும். இயல்பிலேயே தண்ணீரை விரும்பாத கனிமம் அது. கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ கலெக்டராகவும், பைன் எண்ணெய் நுரையாக்கியாகவும் இருந்தால் போதும், மேலே வந்துவிடும்.

தமிழ்நாட்டில் கிராஃபைட் என்றால் சிவகங்கை. மாநில அரசின் டாமின் நிறுவனம் அங்கே சுரங்கமும் நுரை மிதப்பு ஆலையும் வைத்திருக்கிறது. தாதுவில் கார்பன் சராசரியாக 14 சதவீதம். மறுபடி மறுபடி அரைத்து, பல கட்டங்களாக மிதக்கவிட்டு 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவருகிறார்கள். மின்வாகன பேட்டரிக்கு 99.95 சதவீதத் தூய்மை வேண்டும். அதற்கு நுரை மட்டும் போதாது, மேற்கொண்டு ரசாயனச் சுத்திகரிப்பு தேவை. ஆனால் முதல் படி நுரைதான்.

2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் கிராஃபைட்டும் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா தன் கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற கோவை மின்வாகன உதிரிபாகத்துக்கு நகரும் நேரத்தில், இது தொலைதூரச் செய்தி இல்லை.

மிச்சம் எங்கே போகும்?

ஒரு எளிய கணக்கு. 14 சதவீத கார்பன் உள்ள 100 டன் தாதுவை அரைத்தால், ஒன்றுகூட விடாமல் பிடித்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 14 டன் கிராஃபைட். மீதி 86 டன், தண்ணீரும் ரசாயன மிச்சமும் கலந்த நுண்சேறு. அதைத் தேக்கிவைக்கக் கரை கட்ட வேண்டும். கரை உடைந்தால்? 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்ஹோவில் இரும்புச் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள்.

ரசாயனங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆபத்தானவை இல்லை. கொழுப்பு அமிலமும் ஸ்டார்ச்சும் மட்கக்கூடியவை. ஆனாலும் நீர்நிலையில் அளவுக்கு மீறிக் கலந்தால் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். சாந்தேட் வேறு ரகம். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சிதையும்போது வெளிவரும் கார்பன் டை சல்ஃபைடு தொழிலாளியின் நரம்புகளையும் பாதிக்கக்கூடியது. தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதில்தான் நல்ல ஆலையும் மோசமான ஆலையும் பிரிகின்றன.

கழிவுநீரை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்ட பிறகுதான் ‘பூஜ்ய வெளியேற்றம்’ நடைமுறையானது.

அந்த அனுபவம் இப்போது தேவைப்படுகிறது. 2025 செப்டம்பரில், முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறக் கோரி முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டியலில் கிராஃபைட்டும் வருகிறது. கூட்டம் நடந்தால்தான் கேட்க முடியும் என்ற நிலை மாறினாலும், கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் கனிமத் தரமேற்றும் ஆலை வருவதாகப் பேச்சு அடிபட்டால் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

• எந்தக் கலெக்டர், ஒரு டன்னுக்கு எத்தனை கிராம்?
• தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை சதவீதம் மறுபயன்பாடு?
• 10 மைக்ரானுக்குக் கீழான சேற்றை என்ன செய்யப்போகிறீர்கள்?
• கழிவுக் குட்டையின் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு உண்டா, சுற்றியுள்ள கிணறுகளை யார் சோதிப்பார்கள்?
• சுரங்கம் மூடிய பிறகு அந்தக் கரையை யார் பராமரிப்பார்கள்?

இதில் மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால், ஆலைக்காரர்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல கனிமமும் அந்தச் சேற்றில்தான் வீணாகிறது, கிணற்றுக்கு வரும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.